கோட்டையூர்ப் புத்தகக் காவலர்

அரசர் வரலாற்றுக்குக் கல்வெட்டுகள் சான்றாகும். எளிய மக்களின் வரலாற்றுக்கு எது சான்று? செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா செட்டியார் இவ்வினாவுக்குத் தம் வாழ்வாலேயே விடையளித்தார். பெயர்ப்பலகை எழுதுதலைத் தொழிலாகக் கொண்ட அவர், நூல்கள், இதழ்களோடு நாடக அறிவிப்புகளையும் திருமண அழைப்பிதழ்களையும் தம் இல்லத்தில் திரட்டிப் பேணினார். அவ்வாறு சேர்ந்தவை சுமார் 1,00,000 உருப்படிகள்.

1992இல் அவர் மறைந்தார். சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கிய அத்தொகுப்பைக் கொண்டு 1994இல் சென்னையில் ஆய்வு நூலகம் நிறுவப்பட்டது. அச்செல்வம் கடல் கடந்து போகவில்லை.

நம் நிலை என்ன? முன்னோர் கல்லச்சில் பதித்த அரபுத்தமிழ் ஏடுகள் பல, வீட்டுப் பரண்களில் செல்லரித்துக் கிடக்கின்றன. அவற்றைப் படிக்கத் தெரிந்தோரும் அருகி வருகின்றனர். ஊருக்கு ஒருவரேனும் அவற்றைத் திரட்ட முன்வந்தால், அப்பெருந்தகையை நாம் நினைவுகூர்வது பொருளுடையதாகும்.