ஹேர்னிங் மணலும் ஒன்பது சதுரங்களும்

ஹேர்னிங், பிராண்டெ, கிறின்ஸ்டெட் பக்கம் வளர்ந்தவர்களே, உங்கள் வீட்டுக்குக் கீழே இருப்பது பெரும்பாலும் மணல். கடைசிப் பனியுகத்தில் பனிப்பாறை மேற்கு யூலன்டை மூடவில்லை. அதன் விளிம்பில் உருகி ஓடிய நீர்தான் இந்த மணலைப் பரப்பியது.

1864 போரில் டென்மார்க் தெற்கே பெருநிலத்தை இழந்தது. இரண்டு வருடம் கழித்து, ஓகூஸ் நகரில் ஹேதெசெல்ஸ்காபெட் என்ற சங்கம் தொடங்கியது. யூலன்டின் தரிசுநிலத்தைத் திருத்துவதுதான் அதன் வேலை. முன்னின்றவர் என்றிக்கோ டால்காஸ். படைப் பொறியியலாளர், யூலன்டில் வீதி போட்ட அனுபவத்தில் அந்த மண்ணை அறிந்தவர்.

மேலே வெளிறிய மணல். அதன் கீழே இரும்பும் மக்கிய பொருளும் சேர்ந்து இறுகிய ஓர் அடுக்கு. டெனிஷில் அதன் பெயர் 'ஆல்' (எங்கள் ஆலமரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை!). வேர் அதைத் தாண்டாது. மேல்மணலோ மழை விட்டதும் காய்ந்துவிடும். அந்த அடுக்கை ஆழ உழுது உடைத்தார்கள். புளித்த மண்ணில் சுண்ணாம்பு கலந்த களிமண்ணைப் பரப்பினார்கள். ஸ்புறூஸ் கன்றுகள் தனியே வளரத் திணறியபோது, மலைப் பைனைத் துணைக்கு நட்டார்கள்.

மணல் ஏன் நீரைப் பிடிப்பதில்லை? துவாயின் நுனியை நீரில் வையுங்கள், ஈரம் மேலேறும். துளை சிறிதானால் நீரை இறுக்கிப் பிடிக்கும், பெரிதானால் விட்டுவிடும். மணலில் பெரிய துளைகளே அதிகம்.

ஒரு சதுரத்தை ஒன்பதாகப் பிரித்து நடுவை வெட்டுங்கள். மீதி எட்டிலும் அதையே செய்யுங்கள். திரும்பத் திரும்பச் செய்தால் பெரிய ஓட்டை சில, சிறிய ஓட்டை ஏராளம். இது சியர்பின்ஸ்கி விரிப்பு, ஒரு ஃபிராக்டல். அதன் பரிமாணம் சுமார் 1.89. 1990இல் டைலர், வீற்கிராஃப்ற் என்ற ஆய்வாளர்கள் இந்த விரிப்பை மண்ணாக எண்ணிக் கணக்குப் போட்டார்கள். மண் ஆய்வாளர்கள் அளந்து கண்டிருந்த நீர்ப்பிடிப்புச் சூத்திரமே அதிலிருந்து வந்தது! மண் நுண்ணியதாக ஆக, பரிமாணம் 2ஐ நெருங்கும்.

எனக்கு இந்தக் கணக்கு மிகவும் பிடிக்கும். ஆனாலும் அந்த ஓர் எண்ணில் 'ஆல்' தெரியாது. அடுக்கடுக்காக இருக்கும் மண்ணைத் தோண்டித்தான் பார்க்க வேண்டும்.

டென்மார்க்கின் குழாய்நீர் அநேகமாக முழுதும் நிலத்தடி நீர். வயலில் போடும் உரத்தின் நைத்திரேற்று, மணலின் பெரிய துளைகள் வழியே வேகமாகக் கீழிறங்கும். குடிநீரில் அதற்கு அனுமதிக்கப்பட்ட எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். உங்கள் ஊர் நீர் வழங்குநரின் இணையத்தளத்தில் இன்றைய அளவு இருக்கும்.