யார் பெயர் முதலில் வருகிறது? பேஸ்பால் மேலாளர்களும் கறுப்பினத்தவரும்

2015 அக்டோபரில் சியாட்டில் மரைனர்ஸ் அணி தன் மேலாளர் லாயிட் மெக்லெண்டனை வேலையிலிருந்து நீக்கியது. அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் மொத்தம் 30 அணிகள். மெக்லெண்டன் வெளியேறியதும் அந்த முப்பதில் ஒன்றில்கூட கறுப்பின மேலாளர் இல்லை. 1987க்குப் பிறகு அப்படி ஒரு நிலை வந்தது அப்போதுதான். ஜாக்கி ராபின்சன் நிறத்தடையை உடைத்து 68 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதே வாரங்களில் ரசிகர்கள் வழக்கமான வேலையில் மும்முரமாக இருந்தார்கள். அடுத்த மேலாளர் யார் என்று ஊகிப்பதுதான் அந்த வேலை. பேஸ்பால் பருவம் இலையுதிர் காலத்தில் முடிந்துவிடும். பிறகு குளிர் மாதங்கள் முழுக்க பேச்சுதான். முன்பு கடைத்தெருவில் கணப்படுப்பைச் சுற்றி உட்கார்ந்து பேசுவார்களாம். அதனால் இந்தப் பேச்சுக்கே 'ஹாட் ஸ்டோவ் லீக்' என்று பெயர். இப்போது அடுப்பு இல்லை, பேச்சு மட்டும் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் நடக்கிறது. யார் போவார், யார் வருவார், யாருக்கு முதலாளியின் செல்வாக்கு என்று ஆளாளுக்கு ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள்.

பேஸ்பால் நமக்குப் பழக்கமில்லாத ஆட்டம் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். அங்கே மேலாளர் என்றால் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் இல்லை. வீரர்களைப் போலவே சீருடை போட்டுக்கொண்டு மைதானத்தின் ஓரத்தில் இருப்பார். யார் எந்த வரிசையில் அடிப்பது, பந்து வீசுபவரை எப்போது மாற்றுவது என்பதெல்லாம் அவர் முடிவு. கிரிக்கெட்டில் கேப்டனும் கோச்சும் பிரித்துச் செய்யும் வேலையை இவர் ஒருவரே செய்கிறார். வியர்வை சிந்துகிற இடத்துக்கும் உத்தரவு போடுகிற இடத்துக்கும் நடுவில் இருக்கும் கோடு அந்தப் பதவி.

அந்தக் கோட்டைக் கறுப்பினத்தவர் தாண்டிய வரலாற்றைத்தான் இங்கே பேசப்போகிறோம். ரசிகர்களின் ஊகப் பட்டியலிலிருந்து அதைத் தொடங்கக் காரணம் உண்டு. ரசிகர்கள் யாரையும் நியமிப்பதில்லை, அது உண்மை. ஆனால் 'மேலாளர்' என்ற சொல்லைக் கேட்டதும் மனதில் எழும் முகம் எது என்பதை அந்தப் பட்டியல் காட்டிக்கொடுத்துவிடும். முதலாளிகளின் மனதில் எழுவதும் பெரும்பாலும் அதே முகம்தான். நேர்காணல் நடப்பதற்கு வெகு முன்பே, யார் பெயர் நினைவுக்கு வருகிறது என்ற இடத்திலேயே பாதித் தேர்வு முடிந்துவிடுகிறது.

நம்மில் பலருக்குத் தெரிந்த 'அனுபவம் போதாது' என்ற பதிலிலிருந்து பார்ப்போம். கறுப்பினத்தவருக்கு மேலாளர் அனுபவம் இல்லையா? 1920இல் கான்சாஸ் சிட்டியில் ரூப் ஃபாஸ்டர் நீக்ரோ நேஷனல் லீக்கைத் தொடங்கினார் (அன்று அதன் பெயரே அதுதான்). பந்து வீச்சாளர், மேலாளர், அணி உரிமையாளர் எல்லாம் அவரே. அதன் பிறகு கால் நூற்றாண்டுக்கு மேல் கறுப்பின அணிகளைக் கறுப்பின மேலாளர்கள் நடத்தினார்கள். ஆஸ்கர் சார்ல்ஸ்டன் நடத்தினார், பக் ஓ'நீல் நடத்தினார். 1947இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணி ஜாக்கி ராபின்சனைக் களமிறக்கியது. அவரைத் தொடர்ந்து வெள்ளையர் அணிகள் கறுப்பின வீரர்களை ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டன. ஜாக்கி ஆடிவந்த கான்சாஸ் சிட்டி மோனார்க்ஸ் அணிக்கு அவருக்காக ஒரு காசும் தரவில்லை. நல்ல வீரர்கள் போனதும் ரசிகர்களும் போனார்கள், கறுப்பின லீக்குகள் அழிந்தன. அந்த மேலாளர்களை மட்டும் யாரும் அழைக்கவில்லை. உழைப்பைச் சேர்த்துக்கொண்டார்கள், தலைமையை வெளியே நிறுத்தினார்கள். இதற்கு 'ஒருங்கிணைப்பு' என்று பெயர்.

பக் ஓ'நீலின் கதையைக் கேளுங்கள். 1948 முதல் 1955 வரை மோனார்க்ஸ் அணியின் மேலாளராக இருந்தவர். பிறகு சிகாகோ கப்ஸ் அணிக்குத் திறமையான இளைஞர்களைத் தேடித்தரும் வேலையில் சேர்ந்தார். 1961இல் கப்ஸ் உரிமையாளர் ஃபிலிப் ரிக்லி ஒரு விசித்திரம் செய்தார். மேலாளர் பதவியையே எடுத்துவிட்டு, பயிற்சியாளர்கள் முறைவைத்து மாறி மாறி அணியை நடத்தட்டும் என்றார். 1962இல் ஓ'நீல் அந்தக் குழுவில் சேர்ந்தார். மேஜர் லீக்கின் முதல் கறுப்பினப் பயிற்சியாளர் அவர்தான். முறை சுற்றி வந்தது, ஆனால் அவரிடம் மட்டும் வரவேயில்லை. ஒரு ஆட்டத்தில் இரண்டு பயிற்சியாளர்களை நடுவர் வெளியேற்றியபோதும் ஓ'நீலை மூன்றாம் பேஸ் ஓரத்தில் நின்று வழிநடத்த அனுப்பவில்லை. தூரத்தில் பந்து வீச்சாளர்கள் தயாராகும் இடத்திலிருந்து வேறொரு பயிற்சியாளரைக் கூட்டிவந்து நிறுத்தினார்கள். அந்த ஆண்டு கப்ஸ் 103 ஆட்டங்களில் தோற்றது. ஓ'நீல் நடத்தியிருந்தால் இதைவிட மோசமாகியிருக்குமா என்று நாங்கள் சிரித்துக்கொண்டதுண்டு.

நடுவர்கள் புண்ணியத்தில் கோட்டைத் தாண்டியவர்களும் இருக்கிறார்கள். 1963இல் பிட்ஸ்பர்க் அணியில் ஜீன் பேக்கரும், 1973 மே 8 அன்று கப்ஸ் அணியில் எர்னி பேங்க்ஸும், மேலாளர் வெளியேற்றப்பட்டதால் மிச்ச ஆட்டத்தை நடத்தினார்கள். பேங்க்ஸ் 12ஆவது இன்னிங்ஸில் வென்றும் கொடுத்தார். மறுநாள் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டார்.

இதற்கிடையில் 1972 அக்டோபர் 15. சின்சினாட்டியில் உலகத் தொடரின் இரண்டாம் ஆட்டம். ஜாக்கி ராபின்சனின் 25ஆம் ஆண்டைக் கொண்டாட அவரை அழைத்திருந்தார்கள். நீரிழிவால் பார்வை பெருமளவு போயிருந்தது. நன்றி சொல்லிவிட்டு உட்காருவார் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவரோ, மூன்றாம் பேஸ் பக்கம் பார்க்கும்போது அங்கே ஒரு கறுப்பினத்தவர் அணியை நடத்துவதைக் காண்கிற நாளில்தான் தன் மகிழ்ச்சி முழுமையாகும் என்று அந்த மேடையிலேயே சொன்னார். ஒன்பது நாள் கழித்து இறந்துபோனார். ஓய்வுபெற்ற பின் அவருக்கே எந்த அணியும் மேலாளர் வேலை தரவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

1974 செப்டம்பரில் கிளீவ்லேண்ட் அணி ஃபிராங்க் ராபின்சனை வீரராக வாங்கியது. வயது 39ஐத் தொட்டவரைப் பருவத்தின் கடைசியில் ஏன் வாங்குகிறார்கள்? இவரை மேலாளர் ஆக்கத்தான் என்று உடனே ஊகம் கிளம்பியது. அந்த முறை ஊகம் பலித்தது. அக்டோபர் 3 அன்று அறிவிப்பு வந்தது. 1975 ஏப்ரல் 8 அன்று முதல் ஆட்டத்தில் ஜாக்கியின் துணைவியார் ரேச்சல் ராபின்சன் முதல் பந்தை எறிந்தார். மேலாளராகவும் வீரராகவும் இறங்கிய ஃபிராங்க், தன் முதல் முயற்சியிலேயே ஹோம் ரன் அடித்தார்.

ஆனால் அவர் யார் என்று பாருங்கள். இரண்டு லீக்குகளிலும் மிகச் சிறந்த வீரர் விருது வாங்கியவர். போர்ட்டோ ரிக்கோவின் குளிர்கால லீக்கில் பல ஆண்டுகள் மேலாளராகப் பழகியவர். முதல் கறுப்பின மேலாளர் ஆக இத்தனையும் தேவைப்பட்டது. ஆட்டக்காரராகச் சோபிக்காத வெள்ளையர்கள் எத்தனையோ பேர் அதே வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதே கிளீவ்லேண்டில் அப்போது பயிற்சியாளராக இருந்தவர் லாரி டோபி. 1947 ஜூலையில் அமெரிக்கன் லீக்கின் நிறத்தடையை உடைத்தவர். அவருக்கு 1978 நடுவில் சிகாகோ ஒயிட் சாக்ஸில் வாய்ப்பு வந்தது. 87 ஆட்டங்கள், 37 வெற்றி, 50 தோல்வி. பருவம் முடிந்ததும் நீக்கிவிட்டார்கள், பிறகு எந்த அணியும் கூப்பிடவில்லை. தோற்ற வெள்ளை மேலாளர்கள் அடுத்த குளிர்காலத்தில் வேறு அணியின் ஊகப் பட்டியலில் வந்துவிடுவார்கள். டோபி வரவில்லை.

பெயர் ஏன் நினைவுக்கு வருவதில்லை என்பதற்குச் சமூகவியலில் ஒரு நல்ல விடை இருக்கிறது. படிக்கும் தோழர்கள் தேடிப் படிக்கலாம். 1963இல் ஆஸ்கர் கிரஸ்கி என்ற ஆய்வாளர், மேலாளர்களில் பெரும்பாலோர் கேட்சர், உள்வட்டக் களம் போன்ற இடங்களில் ஆடியவர்கள் என்று காட்டினார். மற்றவர்களோடு ஓயாமல் பேசி, ஆட்டத்தை நடத்தும் இடங்கள் அவை. 1970இல் ஜான் லாய், ஜோசப் மெக்எல்வோக் இருவரும் அடுத்த பாதியைச் சொன்னார்கள். கறுப்பின வீரர்கள் பெரும்பாலும் அவுட்ஃபீல்டில்தான் குவிக்கப்பட்டிருந்தார்கள். ஓடத் தெரியும், அடிக்கத் தெரியும், யோசிக்கிற இடம் வேண்டாம் என்ற பொதுப்புத்தி. பதினெட்டு வயதில் எந்த மூலையில் நிறுத்தினார்களோ, நாற்பது வயதில் அதையே காரணமாகக் காட்டலாம். யாரும் 'கறுப்பன் வேண்டாம்' என்று வாயால் சொல்ல வேண்டியதில்லை. ஃபிராங்க் ராபின்சன், டோபி, பின்னால் வந்த சிட்டோ கேஸ்டன், டஸ்டி பேக்கர், டேவ் ராபர்ட்ஸ் எல்லோரும் அவுட்ஃபீல்டிலிருந்து வந்தவர்கள். அந்த மூலையிலிருந்தே ஆட்டத்தைப் படித்துக்கொண்டவர்கள்.

வாயால் சொன்னவரும் உண்டு. 1987 ஏப்ரல் 6. ஜாக்கியின் 40ஆம் ஆண்டை ஒட்டி 'நைட்லைன்' தொலைக்காட்சி நிகழ்ச்சி. டாட்ஜர்ஸ் நிர்வாகி அல் கம்பானிஸிடம், ஏன் ஒரு கறுப்பின மேலாளர்கூட இல்லை என்று டெட் காப்பல் கேட்டார். அதற்குத் தேவையான சில தகுதிகள் அவர்களிடம் இல்லாமல் இருக்கலாம் என்றார் கம்பானிஸ். நல்ல நீச்சல்காரர்களாக இல்லாததற்கு அவர்கள் உடல் மிதக்காததுதான் காரணம் என்றும் சேர்த்துக்கொண்டார். இரண்டு நாளில் பதவி போனது. இவர் 1946இல் மான்ட்ரியலில் ஜாக்கியோடு ஒரே அணியில் ஆடியவர்! பக்கத்தில் நின்று ஆடினால் பார்வை மாறிவிடும் என்று நம்புகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இதைப் படிக்கும்போது நம் தோழர்களுக்குப் பல்வங்கர் பாலு நினைவுக்கு வந்திருப்பார். 1911இல் இங்கிலாந்தில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் எடுத்த அந்தத் தலித் பந்து வீச்சாளரை, பம்பாய்ப் போட்டிகளில் இந்து அணி ஆட வைத்துக்கொண்டதே தவிர, முறைப்படி கேப்டன் ஆக்கவே இல்லை. தம்பி விட்டலுக்கு 1923இல் கிடைத்தது. இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

கம்பானிஸ் விவகாரத்துக்குப் பிறகு கொஞ்சம் அசைந்தது. 1989இல் டொராண்டோ அணியின் பொறுப்பை ஏற்ற சிட்டோ கேஸ்டன் 1992, 1993 இரண்டு ஆண்டுகளும் உலகத் தொடரை வென்றார். அப்படி வென்ற முதல் கறுப்பின மேலாளர். 1997இல் நீக்கப்பட்டார். இரண்டு கோப்பை வென்றவரை அள்ளிக்கொள்வார்கள் என்றுதானே நினைப்போம்? ஊகங்களில் பெயர் அடிபட்டது, நேர்காணல்களும் நடந்தன. வேலை 2008இல்தான் கிடைத்தது, அதுவும் அதே டொராண்டோவில்.

1999இல் ஆணையர் பட் செலிக் ஒரு விதி கொண்டுவந்தார். மேலாளர் உள்ளிட்ட முக்கியப் பதவிகளுக்குச் சிறுபான்மையினரையும் பரிசீலிக்க வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான், நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் 'பரிசீலிப்பது' என்ற சொல்லின் கொள்ளளவு நமக்குத் தெரியும். ஆளை முன்பே முடிவு செய்துவிட்டு, கோப்புக்காக ஒருவரை அழைத்து, காபி கொடுத்து, அனுப்பிவிடலாம். எங்களோடு வேலை பார்ப்பவர்களில் அந்தக் காபியைக் குடித்தவர்கள் இருக்கிறார்கள்.

மீண்டும் 2015க்கு வருவோம். சியாட்டில் அணி மெக்லெண்டன் இடத்தில் ஸ்காட் சர்வைஸை நியமித்தது. முன்னாள் கேட்சர், பொது மேலாளரின் பழைய சகா. எந்த நிலையிலும் ஒரு அணிக்கும் மேலாளராக இருந்ததில்லை. கறுப்பினத்தவரிடம் இத்தனை காலம் கேட்ட 'அனுபவம்' அந்த ஆண்டுகளில் தேவையற்ற சுமையாக மாறியிருந்தது. புள்ளிவிவரம் புரிந்த புதுமுகம்தான் வேண்டும் என்றார்கள். 2017இல் யாங்கீஸ் அணி தொலைக்காட்சி வர்ணனை செய்துகொண்டிருந்த ஆரன் பூனை நேராக மேலாளர் ஆக்கியது. கோட்டை நெருங்க நெருங்கக் கோடே நகர்கிறது.

வாஷிங்டன் நேஷனல்ஸில் பட் பிளாக்தான் என்று செய்திகள் அடித்துச் சொல்லின. (பெயரில் மட்டும்தான் பிளாக், ஆள் வெள்ளையர்.) பணத்தில் பேச்சு முறிந்தது. நவம்பர் 3 அன்று டஸ்டி பேக்கர் நியமிக்கப்பட்டார். லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸில் கேப் கேப்லர்தான் என்று ஏறக்குறைய எல்லோருமே முடிவு கட்டியிருந்தார்கள். வந்தவர் டேவ் ராபர்ட்ஸ். தந்தை கறுப்பின அமெரிக்க மரைன் படை வீரர், தாய் ஜப்பானியர். ஜாக்கி ஆடிய அணிக்கு, கம்பானிஸ் நிர்வகித்த அணிக்கு, வெள்ளையரல்லாத முதல் மேலாளர். 2020இல் உலகத் தொடரை வென்றார். 2024இல் மறுபடியும் வென்றார்.

பேக்கர் வாஷிங்டனில் முதல் ஆண்டு 95, அடுத்த ஆண்டு 97 ஆட்டங்கள் வென்றார். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் எந்த அணிக்கும் மேலாளராக இல்லை. 2020 தொடக்கத்தில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி, எதிரணியின் சைகைகளைக் கள்ளத்தனமாகப் பார்த்து ஆடிய ஊழலில் சிக்கி, மேலாளரை நீக்கிவிட்டு நின்றது. எல்லோரும் வசைபாடிய அந்த அணியின் பொறுப்பு பேக்கருக்கு வந்தது. வீடு எரியும்போது சாவியைக் கொடுக்கிறார்கள் என்று எங்கள் கூட்டத்தில் ஒரு தங்கை சொன்னாள். 2022இல், 73 வயதில், உலகத் தொடரை வென்றார். அதே ஆண்டு ஜூலையில், இறந்து ஏறக்குறைய பதினாறு ஆண்டுகள் ஆகிவிட்ட பக் ஓ'நீலின் பெயரைப் பேஸ்பால் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள்.

2023 பருவத்தோடு பேக்கர் ஓய்வுபெற்றார். ஹூஸ்டனுக்கு அடுத்தது யார் என்று அன்றே ஊகம் தொடங்கிவிட்டது. 2014க்குப் பிறகு மேலாளராகவே இல்லாத ரான் வாஷிங்டனை, 71 வயதில், ஏஞ்சல்ஸ் அணி அந்தக் குளிர்காலத்தில் அழைத்தது. 2024 பருவத்தின் முதல் நாளில், ராபர்ட்ஸையும் சேர்த்து, 30 அணிகளில் கறுப்பின மேலாளர்கள் இரண்டு பேர்.