பழவேற்காட்டுப் பாய்மரமும் பதக்கக் கனவும்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் பழவேற்காடு இருக்கிறது. கடலுக்கும் நிலத்துக்கும் நடுவே பரந்து கிடக்கும் அந்த உப்பங்கழியின் கரைகளில் மீனவக் குப்பங்கள் பல. அங்குப் பிறந்த பிள்ளைக்குக் காற்றின் திசையை எவரும் பாடமாகச் சொல்லிக் கொடுப்பதில்லை. தந்தையோடும் தமையனோடும் படகில் அமர்ந்தே அது காற்றையும் நீரோட்டத்தையும் கற்றுக் கொள்கிறது. நீர் அதற்கு இரண்டாவது தாய்மடி.

அந்தப் பிள்ளைகளை நினைக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுகிறது. 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் 140 கோடி மக்களைக் கொண்ட இந்தியா ஆறு பதக்கங்கள் பெற்றது. அவற்றுள் தங்கம் ஒன்றுகூட இல்லை. முப்பது இலட்சம் மக்கள்கூட இல்லாத ஜமைக்காத் தீவும் அதே ஆறு பதக்கங்களைப் பெற்றது. அதில் ஒன்று தங்கம். நம்மிடம் குறைவது ஆளா, ஆற்றலா, அன்றி வேறொன்றா?

வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம். பழவேற்காடு ஒரு காலத்தில் சோழமண்டலக் கரையின் பெருந்துறைமுகம். இங்கே நெய்த துணிகள் மலாக்கா முதலிய கீழ்த்திசைத் துறைகளுக்குச் சென்றன. மலாய் மக்கள் இன்றும் ஒருவகைக் கைலியைப் ‘பெலிக்காட்’ என்றே அழைக்கின்றனர். நம் ஊரின் பெயர்தான் அங்கே அப்படித் திரிந்து நிற்கிறது. 1613இல் டச்சுக்காரர் இங்கே கெல்ட்ரியாக் கோட்டையைக் கட்டி முடித்தனர். அவர்கள் வருவதற்கு முன்பே இக்கடலில் முஸ்லிம் வணிகரின் மரக்கலங்கள் ஓடின. மரைக்காயர் என்னும் பெயரே மரக்கலத்தோடு தொடர்புடையது என்பார் உண்டு. ஆகக் காற்றைக் கட்டியாண்ட மரபு நமக்குப் புதிதன்று.

ஆனால் இந்த நெடிய மரபுடைய நாடு ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டியில் இன்றுவரை ஒரு பதக்கமும் பெற்றதில்லை. 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் பாய்மரப் படகு செலுத்திய நால்வரும் தமிழ்நாட்டவர்: நேத்ரா குமணன், விஷ்ணு சரவணன், வருண் தக்கர், கே. சி. கணபதி. இது நமக்குப் பெருமையே. எனினும் அந்த நால்வருள் மீனவக் குப்பத்திலிருந்து வந்தவர் ஒருவரும் இல்லை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

காரணம் எளிது. மீன்பிடிப் படகு வேறு, பந்தயப் படகு வேறு. பந்தயப் படகின் விலையோ இலட்சக் கணக்கில். அதற்குரிய விதிகளைக் கற்க ஆசிரியர் வேண்டும். அயல்நாடுகளில் போட்டியிட்டுப் பழக வேண்டும். காற்றை அறிந்த பிள்ளைக்கு அந்தப் படகு எட்டாது. படகு எட்டும் பிள்ளை பலவேளை கரையிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

இதை மாற்ற இயலாதா? இயலும் என்று காட்டியிருக்கிறது கடலே இல்லாத மத்தியப் பிரதேசம். போபால் நகரின் பெரிய ஏரியில் பாய்மரப் படகுப் பள்ளி நடக்கிறது. 2018ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டில் அம்மாநிலத்தின் ஹர்ஷிதா தோமர் வெண்கலம் வென்றார். 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் போபாலில் பயின்ற நேஹா தாக்கூர் வெள்ளி வென்றார். நேஹா ஓர் உழவரின் மகள். ஏரி ஒன்று, படகுகள் சில, ஆசிரியர், தங்கும் இடம், பள்ளிப் படிப்பு ஆகியவை ஒன்று கூடியபோது, கடலையே காணாத மண்ணில் மாலுமிகள் தோன்றினர். கடலை முற்றத்தில் வைத்திருக்கும் நாம் இதற்கு என்ன விடை சொல்வோம்?

வளரும் நாடுகள் வென்ற வழியும் இதுவே. ஜமைக்காவில் 1910 முதல் பள்ளி மாணவருக்கான தடகளப் போட்டி ஆண்டுதோறும் நடந்து வருகிறது. ஊரே திரண்டு வந்து பார்க்கும் அத்திருவிழாவிலிருந்துதான் உலகை வென்ற ஓட்டக்காரர்கள் எழுந்தார்கள். கென்யாவிலும் மேட்டுநிலப் பள்ளிகளே ஓட்டக்காரரின் நாற்றங்கால்கள். இந்நாடுகள் எல்லா விளையாட்டிலும் கைவைக்கவில்லை. தம் மண்ணுக்கும் மக்களுக்கும் இயல்பாய் அமைந்த ஒன்றைப் பற்றிக் கொண்டன, பள்ளியில் தொடங்கின, பல்லாண்டுகள் விடாது தொடர்ந்தன.

நம் ஹாக்கியின் கதை மறுபக்கத்தைக் காட்டுகிறது. 1928 முதல் 1956 வரை தொடர்ந்து ஆறு ஒலிம்பிக் தங்கங்களை வென்றோம். 1976இல் மான்ட்ரியலில் புல்தரை போய்ச் செயற்கைத் தரை வந்தபோது ஏழாம் இடத்துக்கு இறங்கினோம். கைத்திறன் அழியவில்லை, ஆனால் அத்தகைய தரை நம் பிள்ளைகள் ஆடிய ஊர்களுக்கு வந்து சேரவில்லை. 1980இல் பெற்ற தங்கத்துக்குப் பின் அடுத்த பதக்கத்துக்கு நாற்பத்தோர் ஆண்டுகள் காத்திருந்தோம். திறமை மட்டும் போதாது. காலத்துக்கேற்ற கருவி திறமை இருக்கும் இடத்துக்கே செல்ல வேண்டும் என்பது அந்தக் காத்திருப்பு கற்பித்த பாடம்.

‘ஏழை நாட்டால் இவ்வளவும் ஆகுமா?’ என்று கேட்பவர் பழவேற்காட்டு ஏரியின் மறுகரையைப் பார்க்கட்டும். ஏரிக்கும் வங்கக்கடலுக்கும் இடையே கிடக்கிறது ஸ்ரீஹரிகோட்டா. 1979 ஆகஸ்டில் அங்கிருந்து ஏவப்பட்ட எஸ்.எல்.வி.–3 ஏவூர்தி கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர், இராமேசுவரத்தில் படகு வைத்திருந்த ஒரு மரைக்காயர் குடும்பத்தின் மகன் அப்துல் கலாம். தலைவர் சதீஷ் தவான் தோல்வியின் பொறுப்பைத் தாமே ஏற்றார், கலாமை விலக்கவில்லை. 1980 ஜூலை 18 அன்று அதே குழு ரோகிணி செயற்கைக்கோளை விண்ணில் நிறுத்தியது. வெற்றியைப் பத்திரிகையாளரிடம் சொல்லும் வாய்ப்பைத் தவான் கலாமுக்கே விட்டுக் கொடுத்தார். ஒரு தோல்வியோடு ஆளை மாற்றாத பொறுமை, இளையோரை நம்பும் துணிவு, ஆண்டுக்கணக்கில் தொடரும் பயிற்சி ஆகிய மூன்றும் விளையாட்டுத் துறைக்கும் வேண்டியவையே.

இன்னொரு பாடம் இக்குப்பங்களிலேயே இருக்கிறது. பழவேற்காட்டு மீனவர்களிடம் ‘பாடு’ என்றொரு பழைய முறை உண்டு. ஏரியில் மீன் மிகும் இடங்களை வலியவர் கைப்பற்றிக் கொள்வதில்லை. உரிமையுடையோர் முறைவைத்து, தமக்குரிய நாளில் தமக்குரிய இடத்தில் வலை விரிக்கின்றனர். இன்று நல்ல இடம் கிட்டாதவருக்கு நாளை கிட்டும். வளம் குறைவாக இருக்கும்போதும் வாய்ப்பை முறையாகப் பகிர்ந்து கொள்ளும் அறிவு அது.

விளையாட்டிலும் நமக்குத் தேவை ஒரு பாடு முறையே. பதக்கம் வென்று திரும்பியவருக்குக் கோடி கொடுக்கிறோம்; கொடுக்கட்டும். ஆனால் வெல்லுமுன் அந்தப் பிள்ளைக்கு ஒரு முறை கிடைத்ததா? ஏரிக்கரைப் பள்ளிகளுக்குப் பொதுவாகச் சில சிறு பந்தயப் படகுகள் இருந்தால், பிள்ளைகள் முறைவைத்து ஓட்டலாம். ஆண்டுக்கொரு முறை குப்பங்களுக்கிடையே போட்டி நடக்கலாம். மீனவப் பெரியவர் காற்றைச் சொல்லித் தரட்டும். பயிற்சி பெற்ற ஆசிரியர் விதியைச் சொல்லித் தரட்டும். பெண்பிள்ளைகளுக்கும் அதில் சமமான முறை வேண்டும். படிப்பு ஒருநாளும் தடைபடலாகாது. பதக்கம் சிலருக்கே கிட்டும், வாழ்க்கையோ எல்லோருக்கும் வேண்டும்.

ஏரி வாழ்ந்தால்தான் இவையெல்லாம் நடக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. முகத்துவாரம் மணல் மூடி, மீன் குறைந்து, குடும்பங்கள் பிழைப்புத் தேடிச் சிதறினால் காற்றை அறிந்த கைகளும் சிதறிவிடும். பதக்கத்துக்கான முதற்செலவு ஏரியைக் காப்பதுதான்.

அக்கரையிலிருந்து ஏவூர்தி எழும்போது இக்கரைப் பிள்ளைகள் படகில் நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள். நாடு மனம் வைத்தால் எது முடியும் என்பதற்கு அவர்களைவிட நெருங்கிய சாட்சிகள் இல்லை. அந்தப் படகிலேயே நிற்கும் அவர்கள்மீதும் நாடு ஒருமுறை மனம் வைக்கட்டும்.