ஈரவாடைத் தீர்த்தமும் இரு திருமேனிகளும்

ஒரு விக்ரஹம் மெய்யானது, மற்றொன்று போலியானது என்று எதைக்கொண்டு நிர்ணயிப்பது? உருவ ஒற்றுமையைக் கொண்டா, உலோகத்தின் பழமையைக் கொண்டா, அறிந்தார் சொல்லைக் கொண்டா? திருவரங்கத்தில் பதினான்காம் நூற்றாண்டிலேயே எழுந்த கேள்வி இது. அதற்கு அங்குக் கிடைத்த விடை இன்றும் ஆராயத்தக்கது.

1323-இல் தில்லிப் படை திருவரங்கத்தைத் தாக்கியபோது, உத்ஸவரான அழகிய மணவாளப் பெருமாளைப் பிள்ளை லோகாசார்யர் முதலானோர் தெற்கே எழுந்தருளப்பண்ணிக்கொண்டு சென்றனர். லோகாசார்யர் ஜ்யோதிஷ்குடியில் திருநாட்டுக்கு எழுந்தருளினார். பெருமாளோ திருநாராயணபுரம், திருமலை முதலிய இடங்களில் தங்கி, பின்பு செஞ்சியில் கோபணார்யரால் ஆராதிக்கப்பட்டு, திருவரங்கம் மீண்டார். இம்மீட்சியைக் கூறும் வடமொழிக் கல்வெட்டு, காலத்தை ‘பந்துப்ரிய’ என்ற சொல்லால் குறிக்கிறது. கடபயாதி முறைப்படி அவ்வெழுத்துகள் 3, 9, 2, 1 ஆகும்; வலமிருந்து இடமாகப் படிக்கச் சகம் 1293, அதாவது கி.பி. 1371-72 கிடைக்கும்.

இடைப்பட்ட 48 ஆண்டுகளில் ஸந்நிதியில் வேறோர் உத்ஸவத் திருமேனி எழுந்தருளியிருந்தது. முன்பிருந்தவர் எவர் என்ற ஐயம் எழுந்தபோது, கண்டு சொல்லவல்ல பழையவர் எவரும் எஞ்சவில்லை. பெருமாளின் பரிவட்டங்களை வெளுத்துவந்த ஈரங்கொல்லி ஒருவர் முதுமையால் கண்ணிழந்த நிலையில் இருந்தார் என்கிறது கோயிலொழுகு. இரு மூர்த்திகளுக்கும் திருமஞ்சனம் செய்வித்து, ஈரவாடைத் தீர்த்தத்தைப் பெற்றுச் சுவைத்து, திரும்பி வந்தவரே நம் பெருமாள் என்று அவர் அறுதியிட்டார். நம்பெருமாள் என்னும் திருநாமம் அதனால் நிலைபெற்றது.

கல்வெட்டு மீட்சியை மட்டும் சொல்கிறது. ஈரங்கொல்லியைச் சொல்வது ஒழுகு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தல் ஆகாது. ஆயினும் ஸம்ப்ரதாயம் எதனை ப்ரமாணமாக ஏற்றது என்பதை ஒழுகு தெளிவாகக் காட்டுகிறது. உருவ ஒற்றுமையே ஐயத்துக்குக் காரணமான இடத்தில் கண் சாட்சியாகாது. நாள்தோறும் செய்த கைங்கர்யத்தால் விளைந்த அறிவே அங்குச் சாட்சியாயிற்று.

இதனினும் முக்கியமானது, மற்றைத் திருமேனிக்கு நேர்ந்தது. அதனைப் போலி என்று ஒருவரும் ஒதுக்கவில்லை. திருவரங்க மாளிகையார் என்ற தனித் திருநாமத்தோடு யாகபேரராக அவர் இன்றும் எழுந்தருளியிருக்கிறார். இடத்தை நிரப்பியது குற்றமன்று. பெயரை மறைத்திருந்தால் குற்றமாகியிருக்கும்.

வ்யாக்யான உலகிலும் இந்நெறி உண்டு. பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான் பிள்ளை அருளிய உரையின் பெரும்பகுதி செல்லரித்துப் போயிற்று. இழந்த பகுதிக்கு மட்டும் மணவாள மாமுனிகள் உரை அருளி, பிள்ளையின் வாக்குக் கிடைத்த இடத்தில் நிறுத்திக்கொண்டார். இன்றும் இரண்டும் அவரவர் பெயராலேயே வழங்குகின்றன.

இதற்கு நேர்மாறானது கும்பகோணத்தை அடுத்த சிவபுரத்து நடராஜர் வரலாறு. 1951-இல் மண்ணிலிருந்து வெளிப்பட்ட அத்திருமேனி பழுதுபார்க்கக் கொடுக்கப்பட்டது. திரும்பி வந்ததோ ஒரு நகல். கோயிலில் இருப்பது மூலமன்று என்பதை 1965-இல் வெளிப்படுத்தியவர் பிரிட்டிஷ் மியூசியத்து அறிஞர் டக்ளஸ் பாரெட். மூலத்தை 1973-இல் அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் அறக்கட்டளை விலைக்கு வாங்கியிருந்தது. 1986-இல் அது பாரதம் திரும்பியது.

வார்ப்புத் திறம் அந்த நகலிலும் இருந்தது. அதைப் போலியாக்கியது, மூலத்தின் பெயரை அதற்குச் சூட்டிய வஞ்சனை. களவுக்கு அஞ்சி மூலத்தைக் காப்பகத்தில் வைத்து, மாற்றுத் திருமேனியை எழுந்தருளப்பண்ண நேரும் இக்காலத்தில், இன்னது மூலம், இன்னது மாற்று, இன்ன ஆண்டில் செய்தது என்று பதிவேட்டில் எழுதிவைப்பது கோயிலாரின் கடமை. அந்த ஒரு வரி இல்லையேல், வருந்தலைமுறைக்கு ஈரங்கொல்லி ஒருவர் கிடைப்பார் என்பதற்கு உறுதியில்லை.