கண்ணாடித் தகடுகளில் சூரியன்: கொடைக்கானல் பதிவேடும் கணினியும்



லுஹர் நேரம் எப்போது நுழைகிறது என்பதை அறிய நம் பாட்டனார் முற்றத்தில் நட்ட குச்சியின் நிழலைப் பார்த்தனர். நம் தந்தையர் பள்ளிவாசல் சுவரில் மாட்டிய அட்டவணையைப் பார்த்தனர். நாம் கைப்பேசியைப் பார்க்கிறோம். கொடைக்கானலில் சூரியன் உச்சியைக் கடக்கும் நேரம் நவம்பர்த் தொடக்கத்தில் ஏறத்தாழ 12.04 மணி, பிப்ரவரி நடுவில் ஏறத்தாழ 12.34 மணி. இந்த அரைமணி வேறுபாட்டைக் கைப்பேசி வானத்தைப் பார்த்து அறிவதில்லை. ஊரின் தீர்க்கரேகையையும் ஆண்டின் நாளையும் எடுத்துக்கொண்டு, படிப்படியான ஒரு கணக்கின் வழியே அதைக் கண்டடைகிறது.

அத்தகைய படிப்படியான கணக்கு முறைக்கு உலகம் இட்ட பெயர் அல்காரிதம். 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த முஹம்மது இப்னு மூஸா அல்-குவாரிஸ்மியின் பெயரே லத்தீன் மொழியில் திரிந்து இச்சொல்லாயிற்று. இந்திய எண்முறையை மேற்குலகு அறிந்ததில் அவருடைய நூல்களுக்குப் பெரும் பங்குண்டு. ஆயினும் கணக்கு முறை மட்டும் இருந்தால் போதாது. கணக்கிடுவதற்கு நம்பத்தக்க பதிவுகள் வேண்டும். அல்-குவாரிஸ்மிக்குப் பின்வந்த அல்-பத்தானி, ரக்கா நகரில் ஏறத்தாழ 40 ஆண்டுகள் வானை நோக்கி, ஓர் ஆண்டின் நீளம் 365 நாள், 5 மணி, 46 நிமிடம், 24 விநாடி என்று கணித்தார். இன்றைய அளவீட்டிலிருந்து அது சில நிமிடங்களே வேறுபடுகிறது. தொலைநோக்கி தோன்றாத காலத்தில் அவருக்குத் துணையாக இருந்தவை எளிய கருவிகளும் இடைவிடாத பதிவுமே.

அதே பொறுமையோடு எழுதப்பட்ட ஒரு சூரியப் பதிவேடு நம் பழனி மலைத்தொடரிலும் உண்டு. கோடை விடுமுறையில் கொடைக்கானலுக்குச் செல்லும் நம் குடும்பங்கள் ஏரியையும் தூண் பாறைகளையும் கண்டு திரும்புகின்றன. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,340 மீட்டர் உயரத்தில் உள்ள சூரிய ஆய்வகத்தின் வரலாற்றை அறிந்து வருவோர் குறைவு. கணினி, இணையம், செயற்கை நுண்ணறிவு ஆகிய மூன்றையும் நம் பிள்ளைகளுக்கு விளக்க அதைவிட நல்ல எடுத்துக்காட்டு நம் அருகில் இல்லை என்று நாம் கருதுகிறோம்.

இதன் தொடக்கம் சென்னையில். 1792இல் நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வகம் எழுந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சம் சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கான உயிர்களைப் பறித்தது. சூரியனின் மாற்றங்களுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்கக்கூடும், சூரியனை நாள்தோறும் கண்காணித்தால் பஞ்சத்தை முன்கூட்டியே அறியலாம் என்ற எண்ணம் அதன்பின் வலுப்பெற்றது. சார்லஸ் மிச்சி ஸ்மித் நீலகிரியையும் பழனி மலைகளையும் ஆராய்ந்து கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார். 1899இல் ஆய்வகம் அங்கே செயல்படத் தொடங்கியது. 1909 ஜனவரியில், சூரியப் புள்ளிகளின் புறப்பகுதியில் வாயுக்கள் மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் இங்கேதான் கண்டறிந்தார். அந்நிகழ்வு இன்றும் அவர் பெயரால் எவர்ஷெட் விளைவு என வழங்குகிறது.

கண்டுபிடிப்பு ஒரு நாளில் நிகழ்ந்தது. பதிவு வேலையோ நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நடந்தது. மேகம் விலகிய ஒவ்வொரு நாளும் ஊழியர்கள் வெள்ளி உப்புப் பூசிய கண்ணாடித் தகட்டில் சூரியனைப் படம் பிடித்தனர். 1904 முதல் கால்சியம் உமிழும் ஊதா ஒளியிலும், 1912 முதல் ஹைட்ரஜனின் சிவப்பொளியிலும் படங்கள் சேர்ந்தன. அச்சிட்ட கட்டங்கள் கொண்ட தாள்களில் சூரியப் புள்ளிகளையும் ஒளித்திட்டுகளையும் வாயு இழைகளையும் வெவ்வேறு வண்ணங்களில் கையால் வரைந்தும் வைத்தனர். அவ்வூழியர்களில் பெரும்பாலோரின் பெயரை இன்று யாரும் அறியார். மழையை முன்னறிய வேண்டும் என்ற முதல் நோக்கம் நினைத்தபடி நிறைவேறவில்லை. ஆயினும் அவர்கள் தகடுகளை எறியவில்லை. நாளையும் நேரத்தையும் குறித்துப் பெட்டிகளில் அடுக்கினர். எதற்குப் பயன்படும் என்று தெரியாமலேயே காத்த அந்தச் செல்வம் பிற்காலத்தில் வேறொரு தேவைக்கு உதவியது.

முதலில் அது எண்களாக மாற வேண்டியிருந்தது. கணினிக்குப் படம் தெரியாது. எண் மட்டுமே தெரியும். ஆகவே ஒவ்வொரு தகடும் ஒளியூட்டப்பட்டு, நெடுக்கில் 4,096, குறுக்கில் 4,096 புள்ளிகளாகப் பகுக்கப்பட்டது. ஒரு படத்தில் ஒரு கோடியே 67 இலட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் ஒளியளவும் 65,536 படிகளுள் ஒன்றாக எண்ணில் எழுதப்படுகிறது; இதற்கு 16 பிட்டுகள், அதாவது இரண்டு பைட்டுகள் தேவை. எனவே ஒரே ஒரு சூரியப் படம் 33 மெகாபைட்டுக்கு மேல் இடம் கொள்ளும். இவ்வாறு 1904 முதல் 2007 வரையிலான கால்சியம் ஒளிப் படங்கள் எண்வடிவம் பெற்றன.

அடுத்தது வலையமைப்பு. முன்பு ஒரு தகட்டைக் காண விரும்பிய அறிஞர் மலை ஏறியாக வேண்டும். கணினிகளைக் கம்பியால் இணைத்துச் செய்தி அனுப்பும் முயற்சி அமெரிக்காவின் அர்பாநெட்டில் 1969இல் தொடங்கியது. அதன் அடிப்படை எளியது: பெரிய கோப்பைச் சிறு பொட்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சேர வேண்டிய முகவரியையும் வரிசை எண்ணையும் எழுதி அனுப்புவது. அவை வெவ்வேறு வழிகளில் சென்றாலும் சேருமிடத்தில் வரிசைப்படி மீண்டும் ஒன்றாகும். வழியில் தொலைந்த பொட்டலத்தை மறுபடி கேட்டுப் பெறலாம். இந்தியாவில் கல்வி நிறுவனங்களுக்கான எர்நெட் 1986இல் தொடங்கியது. பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்ட் 15 அன்று சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் வந்தது. இன்று கொடைக்கானலின் எண்வடிவப் படங்களை உலகின் எந்த மூலையிலிருந்தும் ஒரு மாணவர் இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம்.

அந்த இணையத்துக்கும் சூரியனுக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. 1859 செப்டம்பரில் எழுந்த சூரியப் புயலின்போது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தந்திக் கம்பிகளில் மின்சாரம் தானே பாய்ந்தது. தந்தி ஊழியர் சிலருக்கு அதிர்ச்சி ஏற்பட்டது. 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக் மாநிலம் ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் இருளில் மூழ்கியது. 2022 பிப்ரவரியில் விண்ணில் ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 40 வரை ஒரு சூரியப் புயலால் வீழ்ந்தன. துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மகனிடம் ஒரு தாய் பேசும்போது அக்குரல் கடலடிக் கம்பிவடங்களின் வழியே செல்கிறது. அவற்றின் கண்ணாடி இழையில் ஓடும் ஒளியைச் சூரியப் புயல் தொடாது. ஆனால் வழிநெடுக அவ்வொளியை வலுப்படுத்தும் கருவிகள் மின்சாரத்தால் இயங்குகின்றன. பெரும் புயலில் அவற்றுக்குத் தீங்கு நேரக்கூடும். இதனால்தான் சூரியனின் நடத்தையை முன்னறிவது இன்று உலகின் கவலையாகியுள்ளது. இந்தியாவும் 2023 செப்டம்பரில் ஆதித்யா எல்1 விண்கலத்தை இதற்காக அனுப்பியது.

இங்கே ஒரு தடை எழுகிறது. சூரியப் புள்ளிகள் பெருகித் தேயும் ஒரு சுற்று ஏறத்தாழ 11 ஆண்டு. எவ்வளவு பணம் செலவிட்டாலும் அதை விரைவுபடுத்த இயலாது. பத்துச் சுற்றுகளைப் பற்றி அறிய நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பதிவு வேண்டும். அப்படிப்பட்ட பதிவு உலகில் மிகச் சில இடங்களிலேயே உண்டு. அவற்றுள் ஒன்று கொடைக்கானல்.

அத்தனை படங்களையும் மனிதக் கண்ணால் அளந்து முடிப்பது அரிது. ஆகவே இந்திய வானியற்பியல் நிறுவனமும் நைனிடாலின் ஆரியபட்டா ஆய்வு நிறுவனமும் சார்ந்த அறிஞர்கள் அண்மை ஆண்டுகளில் செயற்கை நுண்ணறிவின் துணையை நாடினர். கையால் வரைந்த பழைய சூரிய வரைபடங்களைப் படிக்க நியூரல் நெட்வொர்க் எனும் கணினி முறை பயிற்றுவிக்கப்பட்டது. அது கற்கும் விதம் ஒரு குழந்தை எழுத்தறியும் விதத்தை ஓரளவு ஒத்தது. மனிதர் அடையாளமிட்ட சில வரைபடங்களைக் காட்டுவர். கணினி ஊகிக்கும், தவறினால் தன் உள்ளெண்களைச் சிறிது திருத்திக்கொள்ளும். பல்லாயிரம் முறை திருத்தியபின், முன்பு காணாத வரைபடத்தை அதற்குக் காட்டிச் சோதிப்பர். தேறினால் எஞ்சியவற்றை விரைவாகப் படித்துக் கொடுக்கும்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கணினி சூரியனைப் பார்க்கவில்லை. பெயர் தெரியாத அவ்வூழியர்கள் பார்த்து எழுதியதைத்தான் பார்க்கிறது. அவர்கள் கைசோர்ந்து ஒரு புள்ளியை விட்டிருந்தால் கணினிக்கும் அது கிடைக்காது. நாள் மாற்றி எழுதியிருந்தால் கணினியின் விடையும் பிழைபடும். நபிமொழிக் கலையில் நம் அறிஞர்கள் ஒரு செய்தியை ஏற்குமுன் அறிவிப்பாளர் வரிசையை ஆராய்ந்தனர்: யார் சொன்னார், யாரிடம் கேட்டார், அவர் நேர்மையும் நினைவாற்றலும் உடையவரா என்று. கைப்பேசியில் செயற்கை நுண்ணறிவு தரும் விடையையும் நம் பிள்ளைகள் இவ்வாறே விசாரிக்கப் பழக வேண்டும். இது எங்கிருந்து வந்தது? யார் பதிந்தது? மூலத்தை நாம் காண இயலுமா? இவற்றுக்கு விடை இல்லாதபோது, அழகிய நடையில் இருப்பதனால் மட்டும் அதை மார்க்கச் சட்டத்திலோ வரலாற்றிலோ ஆதாரமாகக் கொள்வது முறையன்று.

மற்றொன்று, நம் வீடுகளைப் பற்றியது. அரபு எழுத்தில் தமிழை எழுதிய நம் முன்னோரின் அரபுத்தமிழ்க் கிதாபுகள் காயல்பட்டினம், கீழக்கரை முதலிய ஊர்களில் பரண்களிலும் பெட்டிகளிலும் கிடக்கின்றன. பாட்டியார் அன்றாடம் ஓதிய நூலை அவருக்குப் பின் படிக்கத் தெரிந்தவர் இல்லாத வீடுகள் பல. பள்ளிவாசல்களின் பழைய நிக்காஹ் தஃப்தர்கள் கரையானுக்கு இரையாகின்றன. கற்பதற்குப் போதிய பக்கங்கள் கிடைக்காத எழுத்தை எந்தக் கணினியும் கற்காது. நாளை நம் பேரப்பிள்ளைகள் தம் ஊரின் வரலாற்றைக் கேட்கும்போது, நாம் காத்துக் கொடுத்தவற்றிலிருந்தே அது விடை சொல்லும். கொடுக்காதவற்றைப் பற்றி மௌனமாக இருக்கும், அல்லது கற்பனையாக எதையோ சொல்லும்.

செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிக்கும் வேலையன்று. நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் நேராகப் படம் பிடியுங்கள். நூல் யாருடையது, எந்த ஊர், எந்த ஹிஜ்ரி ஆண்டு, யார் படமெடுத்தார் என்பவற்றை உடன் எழுதுங்கள். படங்களை இரண்டு மூன்று இடங்களில் சேமியுங்கள். நூலைப் படிக்கத் தெரிந்த பெரியவர் இருந்தால் அவர் ஓதுவதை ஒலிப்பதிவு செய்யுங்கள். அவ்வொலியும் எழுத்தும் இணைந்தால்தான் பிற்காலத்தில் ஒரு கணினிக்கும் அதைக் கற்பிக்க முடியும். மூல நூலை மட்டும் எறிந்துவிடாதீர்கள்.

அடுத்த முறை கொடைக்கானல் செல்லும்போது, மேகம் விலகக் காத்திருந்து தகடு ஏந்தி நின்ற அந்த ஊழியர்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். தம்மிடம் ஒப்படைக்கப்பட்டதை அமானிதமாகக் காத்தவர்கள் அவர்கள். நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவற்றை நாமும் அவ்வாறே காத்திட வல்ல இறைவன் துணை புரிவானாக.