பீரங்கிக்கு விட்ட வெளி

திருகோணமலையில் பிரட்ரிக் கோட்டைக்குப் பக்கத்தில் மெக்கெய்சர் விளையாட்டரங்கு. காலியில் கோட்டைக்கு எதிரே டெஸ்ட் மைதானம். யாழ்ப்பாணத்தில் கோட்டைக்கு முன்னால் முற்றவெளி, அதில் துரையப்பா விளையாட்டரங்கு. புல்மோட்டையிலிருந்து பஸ் ஏறி நகரத்துக்கு ஆட்டம் பார்க்கப் போகிற பிள்ளைகளுக்கு, கோட்டையடியில் மைதானம் வந்த காரணத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். யாழ்ப்பாணத்துக் கதையிலேயே அது தெளிவாகப் புரியும்.

காரணம் பீரங்கி. 1658இல் போர்த்துக்கேயரை விரட்டிய ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையை ஐங்கோணமாகத் திருப்பிக் கட்டினார்கள். எதிரி பதுங்க ஒரு வீடோ வேலியோ பனையோ மதிலுக்கு முன்னால் நிற்கக் கூடாது என்பது அக்காலக் கோட்டைகளின் விதி. குண்டு பாயும் தூரம் வெட்டையாகக் கிடக்க வேண்டும். கல்கத்தாவில் வில்லியம் கோட்டைக்காக கோவிந்தபூர் என்ற கிராமத்தையே கிளப்பினார்கள். பிற்காலத்தில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்ற உதைபந்தாட்டக் கழகங்கள் வளர்ந்தது அப்படித் திறந்த மைதான வெளியில்தான். 1911இல் மோகன் பகான், பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி, ஆங்கிலேயப் படை அணியை 2–1 என்று வீழ்த்திக் கேடயம் வென்றதும் அங்கேதான்.

யாழ்ப்பாணக் கோட்டை 1795இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. பீரங்கி ஓய்ந்தது, வெளி மிஞ்சியது. கூட்டம், கொண்டாட்டம், பந்தாட்டம் எல்லாவற்றுக்கும் ஊர் அங்கேதான் கூடியது. அங்கு எழுந்த அரங்கு, யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பாவின் பெயரைத் தாங்குகிறது. அவர் 1975 யூலை 27இல் பொன்னாலையில், கோயிலுக்கு வந்த இடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அந்த வெளியைப் போர் மறுபடி எடுத்துக்கொண்டது. 1990இல் கோட்டை மாதக்கணக்கில் முற்றுகையில் கிடந்தது. 1999இல் மைதானத்தைத் திருத்த மண்ணைத் தோண்டியவர்கள் மனித எலும்புக்கூடுகளைக் கண்டார்கள். கோல் போட்ட சந்தோஷத்தில் பிள்ளைகள் விழுந்து புரளுகிற மண் அது. எழுதும்போதே நெஞ்சு பதறுகிறது. அந்த மனிதர்களை விட்டுவிட்டு இந்த அரங்கின் கதையை எவரும் சொல்லக் கூடாது.

இந்திய உதவியோடு புதுப்பிக்கப்பட்ட அரங்கு 2016 யூன் 18இல் திறக்கப்பட்டது. ஜனாதிபதி சிறிசேன யாழ்ப்பாணத்துக்கு வந்திருந்தார், பிரதமர் மோடி டெல்லியிலிருந்து காணொளியில் கலந்துகொண்டார்.

புல்மோட்டையில் இப்படிக் கோட்டை இல்லை. இங்கே இல்மனைற் மணலும் கடலும் களப்பும்தான். ஆனாலும் பந்து உருளுகிற ஒவ்வொரு வெட்டைக்கும் ஒரு பிறப்பு உண்டு. காணி விட்டது யார், பற்றை வெட்டியது யார், முதல் கோல் கம்பம் நட்டது எப்போது என்று தெரிந்த பெரியவர்கள், தயவுசெய்து இந்த வருடமே ஒரு கொப்பியில் எழுதி, பக்கத்துப் பாடசாலை நூலகத்தில் கொடுத்துவிடுங்கள்.