ஊருக்கே ஒரு பிரவுசர்

பழவேற்காடு என்றதும் 1613-ல் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டையும், ஏரி இறாலும்தான் நமக்கு ஞாபகம் வரும். அந்த ஊர் மீனவருக்கோ, கடலுக்குக் கிளம்புமுன் ஒரே கேள்விதான். இன்றைக்கு அலை எவ்வளவு உயரம்? பெரியவர்கள் காற்றைப் பார்த்துச் சொன்னார்கள். இப்போது செல்போனில் பிரவுசரைத் திறந்தாலும் பதில் கிடைக்கிறது.

ஆனால், நம் கடற்கரையில் இந்தக் கதை ஆரம்பித்தது மேஜைக் கம்ப்யூட்டரில். பழவேற்காட்டுக்குத் தெற்கே சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி, புதுச்சேரிப் பக்கம். அங்கே 1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினம் மையத்தில், அமெரிக்கக் கடற்படையின் வெப்சைட்டிலிருந்து வங்கக்கடலின் அலை விவரத்தை எடுத்து, தமிழில் ஸ்பீக்கரில் சொல்வார்கள். பிரவுசர் ஒன்று, கேட்டதோ ஊர் மொத்தமும்! 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு போன் எச்சரிக்கையை இதே மாதிரி மையத்தின் ஸ்பீக்கரில் சொன்னதால்தான் நல்லவாடு மக்கள் சுனாமியிலிருந்து தப்பினார்கள்.

செல்போன் பிரவுசர் பட்ட பாடு வேறு. கம்ப்யூட்டருக்காகச் செய்த அகலமான பக்கத்தைத் தீப்பெட்டி அளவுத் திரையில் எப்படிக் காட்டுவது? 1990-களின் கடைசியில் வந்த 'வாப்', நாலு வரி எழுத்தோடு நிறுத்திக்கொண்டது. 2006-ல் உலகெங்கும் வந்த ஓப்பரா மினி ஒரு தந்திரம் செய்தது. பக்கத்தைத் தன் சர்வரிலேயே சுருக்கி, சின்ன மூட்டையாகக் கட்டி அனுப்பியது. கிலோபைட் கணக்கில் காசு கொடுத்தவர்களுக்கு நிஜமான லாபம்! 2007-ல் வந்த ஐபோன், முழுப் பக்கத்தையும் காட்டி, வேண்டிய இடத்தை விரலால் பெரிதாக்கிக்கொள்ளச் சொன்னது. 2016 அக்டோபரில் ஸ்டேட்கவுண்டர் போட்ட கணக்கில், உலக அளவில் செல்போனும் டேப்லெட்டும் சேர்ந்து 51.3 சதவிகிதம். கம்ப்யூட்டர் பின்னால் போய்விட்டது.

அப்படியானால் ஜெயித்தது செல்போன்தானே? கரையில், ஆமாம். 10, 12 கிலோமீட்டர் உள்ளே போனால் டவர் கிடையாது. எப்பேர்ப்பட்ட பிரவுசரும் அங்கே வெறும் கண்ணாடிதான். 2017 ஒக்கி புயலில், ஆழ்கடலில் இருந்த எத்தனையோ பேருக்கு எச்சரிக்கை போய்ச்சேரவே இல்லை. 2019-ல் ஹைதராபாத்தின் இன்காய்ஸ் அமைப்பு 'ஜெமினி' என்ற கருவியைக் கொண்டுவந்தது. செயற்கைக்கோளிலிருந்து வரும் செய்தியை வாங்கி, புளூடூத் வழியே செல்போனுக்குத் தரும். பிரவுசருக்கு அதில் வேலையே இல்லை.

அந்தக் கருவி இல்லாத படகுக்காரர் என்ன செய்ய? கரையிலேயே பார்த்துவிட வேண்டும். பார்த்ததைப் பக்கத்துப் படகுக்கும் ஒரு குரல் சொல்லிவிட வேண்டும். வீராம்பட்டினத்து ஸ்பீக்கர் செய்த அந்த வேலையை உள்ளங்கைத் திரை தானாகச் செய்யாது.